மேளத்தோடு வந்த வண்டி

அந்த மோட்டார் சைக்கிளில் ராக்கப்பனுக்கு முன்பு குடியிருந்தது ஓர் அடைக்கோழி. மருதுபாண்டி வீட்டு வைக்கோல் படப்பை ஒட்டிய ஓலைச் சார்ப்புக்குள், சீட்டு இருந்த இடத்தில் பழஞ்சாக்கைச் சுருட்டிப் போட்டு முட்டை வைத்திருந்தார்கள். கோழி தாசில்தார் தோரணையில் உட்கார்ந்துகொண்டு கிட்டே போகிறவர்களை முறைத்தது.

உலகச் சண்டை முடிந்து மண்டபம் பக்கத்துப் பட்டாளக் கேம்பைக் கலைத்தபோது ஏலத்தில் வந்த வண்டி. இரும்புக் கட்டிலும் கூடாரத் துணியும் எடுக்கப் போன மருதுபாண்டி, கூட்டத்தில் தன் குரலும் கேட்கட்டும் என்று வண்டிக்கும் ஒரு விலை சொன்னார். மேற்கொண்டு யாரும் கேட்காததால் அது அவர் தலையில் விழுந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சார்ப்பில் இறக்கியதோடு அவருக்கும் அதற்கும் உறவு முடிந்தது. அப்புறம் அதை ஆண்டதெல்லாம் கடல்காற்றுதான். உச்சிப்புளிப் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. புது ஆணியை வாசலில் போட்டுவைத்தால் அடுத்த வருஷம் விரலால் ஒடிக்கலாம். பத்து வருஷத்துக்கு மேல் கிடந்த வண்டி என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராக்கப்பன் மருதுபாண்டிக்கு மச்சினன். அவர் மனைவி சோணையம்மாளுக்கு ஒரே தம்பி. தாய் செத்தபோது ராக்கப்பன் தவழ்கிற பிள்ளை. அக்காள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனபோதும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அவள் பிசைந்து கொடுத்த சோற்றில்தான் அவன் மீசை முளைத்தது என்று ஊரில் சொல்வார்கள். அது கேலிப் பேச்சு என்றாலும் உண்மை.

சண்டைக் காலத்தில் அவன் கேம்பு மோட்டார் கொட்டகையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவுகிற வேலை பார்த்தான். கேம்பு போனபின் கொஞ்சம் மானாவாரி நிலத்தில் மிளகாய் போட்டுப் பிழைத்தான். ஆனால் இரும்பைக் கண்டால் கை துறுதுறுக்கிற வியாதி அவனை விடவில்லை.

"மச்சான், அந்த வண்டிய என்ன செய்யப் போறீக?" என்று ஒருநாள் கேட்டான்.

"கோழி பொரிச்சதும் பேரீச்சம்பழத்துக்குப் போடணும்" என்றார் மருதுபாண்டி.

"எனக்குத் தாரீகளா?"

"நீ கொண்டுபோயி என்னடா செய்வே மாப்ளே? உங்க வீட்டுல கோழிகூட இல்லையே."

"ஓட்டுவேன்."

மருதுபாண்டி வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார். அடுப்படியிலிருந்து சோணையம்மாள் சத்தம் கொடுத்தாள்.

"குடுத்துருங்க. பிள்ள ஆசப்பட்டுக் கேக்குறான்ல."

"எடுத்துட்டுப் போடா. இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. முட்டைய மட்டும் உங்க அக்காகிட்டக் குடுத்துட்டுப் போ."

இப்படித்தான் வண்டி ராக்கப்பனுக்கு வந்தது. கொடுக்கச் சொன்னவள் சோணையம்மாள். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆசை மட்டும் காரணமில்லை. அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வருமுன்பே சுருண்டுபோனது. இனி கடற்கரை உப்பளத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை. உப்பளத்தில் இறங்கினால் கால் வெடிக்கும், கண் பூளை தள்ளும். அவன் மனைவி நாகலெட்சுமி அதில் பட்டவள். ராக்கப்பனைக் கட்டிக்கொண்டு வரும்வரை அவள் ஆத்தாளோடு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். "கஞ்சி இல்லாட்டிக் கெடக்கு, திரும்ப அங்கன மட்டும் என்னைய எறக்கிறாதீக" என்று கல்யாணமான புதிதிலேயே கேட்டு வாங்கியிருந்தாள்.

அப்போதுதான் உச்சிப்புளியில் சினிமாக் கொட்டகை போட்டிருந்த ஹமீது சுல்தான் மண்டபத்திலும் ஒரு கொட்டகை போடப்போவதாகப் பேச்சு வந்தது. படம் ஒன்று, கொட்டகை இரண்டு. உச்சிப்புளியில் முதல் ரீல்கள் ஓடி முடிந்ததும் பெட்டியில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டு ஓட வேண்டும். அங்கே கொஞ்சம் பிந்திப் படம் ஆரம்பிக்கும். பிறகு அடுத்த பெட்டி. ரயிலையும் பஸ்ஸையும் நம்பி இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது. மோட்டார் சைக்கிள் வேண்டும், அதை ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் தெரிந்த ஒருவன் வேண்டும்.

"வண்டிய மட்டும் ஓட்டிக் காட்டு ராக்கப்பா. வைகாசிக்குமேல கொட்டகை தொறந்துருவோம், இன்ஷா அல்லாஹ். வேல ஒனக்குத்தான்" என்றார் ஹமீது சுல்தான். நாகலெட்சுமி அதைக் கேட்ட அன்று கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்தாள்.

வண்டியை வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இறக்கினான். சாக்கை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். கழன்றது கொஞ்சம், கழல மறுத்தது அதிகம். ஒவ்வொரு மரைக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தான். புகைக்குழாயிலிருந்து குளவிக்கூடும் எலி சேர்த்த பஞ்சும் வந்தன. இஞ்சின் இறுகிக் கிடந்தது. உதைக்கிற கம்பியில் ஏறி நின்றாலும் அசையவில்லை. பிளக்கு ஓட்டை வழியே வேப்பெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் கலந்து ஊற்றிவிட்டுத் தினமும் காலையில் போய்க் கம்பியை மெதுவாக அமுக்கிப் பார்ப்பான்.

"புள்ளத்தாச்சி வயித்தத் தொட்டுப் பாக்குற மாதிரியில்ல பாக்குறீக" என்று நாகலெட்சுமி கேலி செய்வாள்.

தை பிறந்த சமயத்தில் ஒரு காலை, கம்பி மயிரிழை இறங்கியது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

அதன்பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். புளியும் செங்கல்தூளும் போட்டுத் துருவைத் தேய்த்தாள். இஞ்சின் தலைக்கு அடியில் போடுகிற செப்புத் தகடு கெட்டிப்பட்டுப் போயிருந்தது. அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும் என்றான் ராக்கப்பன். கருவாட்டுக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு அந்தத் தகட்டை அடுப்பில் வைத்தாள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, தேங்காய் நார் அடைத்து, சீட்டும் தைத்தாள்.

அந்தத் தோல் நோயில் செத்துப்போன அவள் ஆட்டின் தோல்தான். செம்பி, மொட்டச்சி, புள்ளிச்சி, கருவாச்சி என்று பெயர் வைத்து வெள்ளாடு வளர்த்தாள். அவளுக்கென்று இருந்த சொத்து அதுதான். டயருக்குச் செம்பி போனாள். நெருப்புப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவுக்கு மதுரையில் புதிதாகக் கம்பி சுற்ற மொட்டச்சி போனாள். சங்கிலிக்குப் புள்ளிச்சி. மிஞ்சியது கருவாச்சி மட்டும்.

"இந்தாருங்க, வண்டி ஓடுறப்ப ம்மேன்னு கத்தப்போகுது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் பூட்டி முடிந்தும் வண்டி ஓடவில்லை. உதைத்தால் தும்மும், இரண்டு தடவை திணறும், நின்றுவிடும். ராக்கப்பன் முகம் விழுந்துவிட்டது. கடைசியில் கார்புரேட்டரைப் பிரித்து அதற்குள்ளிருந்த பித்தளைத் திருகை எடுத்தான். அதன் நடுவில் ஊசி நுழையாத ஒரு துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் ஏற வேண்டும். துளையில் வெளிச்சம் தெரியவில்லை. அவன் ஊதிப் பார்த்தான், மூச்சு போகவில்லை. பீடி குடித்த நெஞ்சு அது.

"இங்கன குடுங்க" என்று வாங்கினாள் நாகலெட்சுமி. ஈர விறகை ஊதி ஊதியே பழகியவள். கன்னம் உப்ப ஒரே ஊது. கண்ணுக்குத் தெரியாத மணல் ஒன்று தெறித்தது. அவன் திருகைத் தூக்கிப் பிடித்து, துளை வழியாக வானத்தைப் பார்த்தான்.

வண்டி கிளம்பிய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. கருவாச்சி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இஞ்சின் அதிர்கிற தாளத்தில் நாகலெட்சுமி வாயில் கைவைத்து நின்றாள். இனி உப்பளம் இல்லை என்று அவளுக்கு அந்தச் சத்தம்தான் சொன்னது.

சித்திரையில் சோணையம்மாள் தம்பி வீட்டுக்கு வந்தாள். கூடை நிறையக் கருப்பட்டிப் பணியாரம். ஒரே மகள் பூமயிலுக்கு அபிராமத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் பெயர் முத்தழகு, நல்ல குடும்பம், வைகாசியில் முகூர்த்தம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். துடைத்துத் துடைத்து அதன் பெட்ரோல் தொட்டி கண்ணாடியாய் மின்னியது. அதில் தன் முகத்தைக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

"படப்பெட்டி தூக்குற வேலைன்னு சொன்னியே தம்பி, அது நெலையான வேலையா?"

"கொட்டகை இருக்குற வரைக்கும் வேலதான்க்கா."

"யாரு கேட்டாலும் குடுத்துருவாகளா? இல்ல, ஒனக்குத்தான்னு சொல்லிருக்காகளா?"

"வண்டி யாருகிட்ட இருக்கோ அவனுக்குத்தான வேல? இந்தப் பக்கம் வேற யாருகிட்ட இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்றாள் அக்காள். பணியாரத்தை எடுத்து அவன் வாயில் ஊட்டினாள். "கல்யாணத்துக்குச் சீர் எப்படிடா கொண்டாரப்போறே?"

"இதுலதான்க்கா. என் மருமகளுக்கு மோட்டார் வண்டியிலதான் சீர் வரும்."

அக்காள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவ்வளவு கேள்வியும் அக்கறையால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் அந்த மடையன். மடையன் என்று நான் சொல்வது கோபத்தில் இல்லை. கூடப் பிறந்தவளின் கையை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் தெருமுக்கில்தான் இறங்கும். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் மாட்டு வண்டியை முக்கிலேயே நிறுத்தி, மாட்டை அவிழ்த்துவிட்டு, தட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துதான் பெண் வீட்டுக்குப் போவார்கள். ஏனென்றால் மேளத்தோடு வாசலுக்குள் வந்ததெல்லாம் சீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். முன்னொரு காலத்தில் மழைக்குப் பயந்து வண்டியோடு பந்தலுக்குள் போன ஒரு மாமன், வண்டியையும் மாட்டையும் விட்டுவிட்டு நனைந்துகொண்டே வீடு திரும்பினானாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் சிரித்தவன் ஒருவனும் வண்டியை முக்கைத் தாண்டி விடமாட்டான்.

கல்யாணத்தன்று ராக்கப்பனும் முக்கில்தான் நிறுத்தினான். பின்சீட்டில் நாகலெட்சுமி பட்டுச்சேலைத் தட்டை மடியில் வைத்திருந்தாள். பழத்தட்டும் வெற்றிலைத் தட்டும் தூக்கிக்கொண்டு சொந்தக்காரப் பெண்கள் கூட்டம். கொட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்போது சோணையம்மாள் ஒரு கையில் ஆரத்தித் தட்டும் ஒரு கையில் மாலையுமாக முக்குக்கே வந்துவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டிட்டே? அப்படியே வா தம்பி."

"முறைன்னு ஒன்னு இருக்குல்லக்கா. நடந்தே வாரோம்."

"அது மாட்டு வண்டிக்கு வச்ச முறையடா. மோட்டாருக்கு எவன் முறை வச்சான்? என் தம்பி எம்புட்டு எடுப்பா வாரான்னு சம்பந்தக்காரக பாக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே வண்டியின் முன்விளக்குக்குக் குங்குமம் வைத்து மாலையைப் போட்டாள். நாகலெட்சுமி அவன் முதுகில் கிள்ளினாள்.

"இறங்கிருவம்ங்க. எனக்கு என்னமோ போல இருக்கு."

"சும்மா இரு. எங்க அக்காடி அது."

கொட்டு முழங்கியது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் இஞ்சினை மெதுவாக உறுமவிட்டுக்கொண்டு பந்தல் வாசலுக்குள் நுழைந்தான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு பவனி வந்ததில்லை.

தாலி கட்டி முடிந்து சீர் வாசிக்கிற நேரம் வந்தது. பங்காளி ஒருவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் ராக்கப்பன் செய்யிற சீர் வருசை! பட்டுச்சேலை ஒன்னு. வெள்ளிக் கொலுசு ஒரு சோடி. வெண்கலப் பானை ஒன்னு. மோட்டார் சைக்கிள் ஒன்னு!"

பந்தல் முழுக்கத் திரும்பி வண்டியைப் பார்த்தது. அப்புறம் குலவை எழுந்தது. இராமநாதபுரம் சீமையில் எந்த மாமனும் செய்யாத சீர் என்றார் ஒரு பெரியவர். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் ஆச்சரியமே இல்லை, முன்பே தெரிந்த விஷயம் போலிருந்தது. அதை நாகலெட்சுமி பார்த்தாள்.

பார்த்ததும் எழுந்துவிட்டாள். "இல்ல..." என்று வாய் திறக்குமுன் ராக்கப்பன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். மணையில் பூமயில் மஞ்சள் பூசிய முகத்தோடு மாமனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? ராக்கப்பன் தலையைக் குனிந்தான். குனிந்த தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மாலை போட்டார்கள். அவனைக் கொள்ளையடித்தது அவன் பெயரிலேயே, அவனுக்கு மரியாதை செய்தே நடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வண்டியிடம் போனான். வெயில் பெட்ரோல் தொட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. நிழலுக்குத் தள்ளலாம் என்று கைப்பிடியில் கைவைத்தான். சோணையம்மாள் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதே தம்பி. சீர் வாசிச்சாச்சு. குடுத்த கை திரும்பத் தொடக்கூடாது. முறையில்ல."

"மோட்டாருக்கு முறை இல்லைன்னியேக்கா?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வாசிக்கிறவரு வாசல்ல வண்டியப் பாத்ததும் சேத்து வாசிச்சுட்டாரு. சபையில வச்சு நான் எப்படிடா மறுக்க? நீயும்தான் மோட்டார் வண்டியிலதான் சீர் வரும்னு சொன்னே."

"வண்டியில வரும்னேன். வண்டியே சீருன்னா சொன்னேன்?"

"ஒரு வார்த்தைக்கா தம்பி அக்காகிட்டச் சண்டைக்கு நிக்கிறே?"

அவள் கண்ணில் நீர் தளும்பியதும் அவன் இளகிவிட்டான். வாசித்தவர்மேல் தப்பு, நேரம் சரியில்லை, அக்காள் என்ன செய்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனசு அப்படிச் சமாதானத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஹமீது சுல்தான் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பே ராக்கப்பா. வண்டியையும் குடுத்து, பொழப்பையும் விட்டுக் குடுக்க யாருக்கப்பா மனசு வரும்?"

"பொழப்பையா?"

"ஆமா. சித்திரையில ஒங்க அக்காளும் மச்சானும் வீடு தேடி வந்தாகளே. 'வேலைய எங்க மாப்பிள்ளைக்குக் குடுங்க, தம்பியே சொல்லிவிட்டிருக்கான், வண்டியையும் அவனே குடுக்குறான்'னு சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அல்லா ஒனக்குப் பரக்கத்தத் தருவான்."

"மச்சான்தான பேசுனாக?"

"அவரு வாயே தெறக்கல. பூராம் அந்தம்மாதான் பேசுச்சு. கையில பணியாரக் கூடை வச்சிருந்துச்சு. தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு எங்க வீட்டுக்கும் ஒரு பொட்டணம் குடுத்துட்டுப் போச்சு."

அந்த நல்ல மனிதர் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். ராக்கப்பன் நின்ற இடத்தில் நின்றான். அன்று அக்காள் ஊட்டிய பணியாரத்தின் இனிப்பு நாக்கில் வந்தது. வாயைத் துப்பிவிட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது. இதில் வாசித்தவர் தப்பு எதுவும் இல்லை. தவழ்கிற வயசில் தூக்கிய அதே கைதான் மாலையைப் போட்டுக் கூட்டிவந்து பறித்துக்கொண்டது.

பூமயில் ஆசீர்வாதத்துக்கு வந்து காலில் விழுந்தாள். எழுந்தவள் மாமன் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"மாமா, நீங்களா ஆசப்பட்டுத்தான் வண்டியக் குடுத்தீகன்னு ஆத்தா சொல்லுச்சு. நெசந்தானே மாமா?"

சோணையம்மாள் அவளுக்குப் பின்னால் நின்றாள். நாகலெட்சுமி இந்தப்பக்கம் நின்றாள். ராக்கப்பன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"நெசந்தான் தாயி" என்றான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியிலேயே மறுவீடு போவதாக ஏற்பாடு. முத்தழகு அபிராமத்து ரைஸ்மில்காரர் வண்டியில் ஓட்டிப் பழகியவன். ஆனால் பட்டாள வண்டியின் குணம் அவனுக்குத் தெரியாது. கைப்பிடியில் உள்ள சின்ன லீவரைப் பின்னுக்குத் தள்ளாமல் உதைத்தால் கம்பி எதிர்த்து அடித்துக் கணுக்காலை ஒடித்துவிடும். ராக்கப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி சொன்னான்.

"மாப்ளே, மொதல்ல அந்த லீவரப் பின்னுக்குத் தள்ளுங்க. இப்ப உதைங்க. கெளம்புனதும் முன்னுக்குக் கொண்டுவாங்க. புள்ள ஒக்காந்திருக்கு, பாத்து."

வண்டி கிளம்பியது. நாகலெட்சுமி தைத்த சீட்டில் பூமயில் உட்கார்ந்து போனாள்.

பந்தியில் இலை போட்டாயிற்று. மருதுபாண்டி தூரத்திலேயே நின்று பந்தல் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சோணையம்மாள்தான் வந்தாள்.

"தாய்மாமன் கை நனைக்காமப் போகக்கூடாது தம்பி. ஒரு வாயாச்சும் சாப்புட்டுப் போ."

"வயிறு நெறஞ்சு கெடக்குக்கா" என்றான். பரிவட்டத்தை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். உடைமரங்களுக்கு ஊடே வெறும் மணல் பாதை. நாகலெட்சுமி பின்னால் வந்தாள்.

"அந்தப் பொய்ய ஏன் சொன்னீக?" என்று வெகுதூரம் வந்தபின் கேட்டாள்.

"அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு?"

"நான் என்ன செஞ்சேன்?" என்றாள் அவள்.

ஆனியில் மண்டபம் கொட்டகை திறந்தது. அதே ஆனியில் இருவரும் உப்பளத்தில் இறங்கினார்கள். நாகலெட்சுமி வாய்விட்டுத் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாயங்காலத்தில் ரயில் பாதைக்கு அப்பால் ரஸ்தாவில் வண்டிச் சத்தம் கேட்கும். முத்தழகும் பூமயிலும் மருதுபாண்டி வீட்டோடு தங்கியிருந்தார்கள், முத்தழகுதான் படப்பெட்டி கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கேட்டதும் ராக்கப்பன் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிடுவான். சங்கிலி தொங்குகிறது, எண்ணெய் போடவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தே நாகலெட்சுமி தெரிந்துகொள்வாள். கேட்கமாட்டாள்.

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். உப்பளத்திலிருந்து திரும்பி வந்தபோது சோணையம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை கையில் கூடை இல்லை.

"வா மதினி" என்றாள் நாகலெட்சுமி. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி, வண்டி ஓட மாட்டேங்குதுடா. மாப்பிள்ள உதைச்சு உதைச்சுக் காலு வீங்கிப்போயி ஒக்காந்திருக்காரு. இன்னைக்கும் பெட்டி போகலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு பாய் சொல்லிவிட்டாரு."

ராக்கப்பன் கால் வெடிப்பில் படிந்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிராமல் கேட்டான்.

"கெளம்பவே மாட்டேங்குதா? கெளம்பி நிக்கிதா?"

"கெளம்புது. ரெண்டு தும்மல் தும்முது, திணறுது, நின்னுருது."

அவன் கை நின்றது. நாகலெட்சுமி அடுப்படி வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். ராக்கப்பன் எழுந்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்தான். சோணையம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும்டா. ஒன்னைய நான் வளத்த வளப்பு அப்படி. பூமயிலு வேற முழுகாம இருக்கா. இந்த வேல போச்சுன்னா சம்பந்தக்காரக பேச்சு கேக்க முடியாது."

வளர்த்த வளர்ப்பு என்ற வார்த்தையில் அவன் நின்றான். சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டான். அதைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான்.

"நான் எப்படிக்கா வர?" என்றான். குரலில் கோபம் இல்லை. "குடுத்த கை திரும்பத் தொடக்கூடாதுல்ல. முறையில்ல."

சோணையம்மாள் தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் எழுந்து, காற்றுக்கு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். ரயில் பாதையைத் தாண்டுகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் ஜெயித்துவிட்டான் என்றுதான் நாகலெட்சுமி நினைத்தாள். அருகில் வந்து பார்த்தால், சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். மீசை வைத்த ஆண்பிள்ளை அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"அந்தத் துளை அடைச்சிருக்கு லெச்சுமி" என்றான். "ஆடிக்காத்து மணலு. வேற ஒன்னுமே இல்ல. ஒரு ஊது ஊதுனாப் போதும்."

அவள் அடுப்படிக்குள் போனாள். அடுப்பில் விறகு புகைந்துகொண்டிருந்தது. ஊதாங்குழலை எடுத்து வாயில் வைத்தவள், ஊதாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.